பட்டம் ஒருவருக்கு, பாடு பலருக்கு

பொன்முடி அடிவாரத்தில் கல்லாறு பெருகும்போது அதன் நீர் மேற்கே ஓடி, வாமனபுரம் ஆற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. மலைக்குக் கிழக்கேயோ மழை குறைவு. பெரியாறும் இப்படித்தான் மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. அதன் நீரில் ஒரு பகுதியை அணையால் தேக்கி, மலையைக் குடைந்து, வறண்ட மதுரைச் சீமைக்குத் திருப்பியவர் கர்னல் ஜான் பென்னிகுவிக்.

1841 ஜனவரி 15-ல் புனாவில் பிறந்தவர் அவர். 1849-ல் நடந்த சில்லியன்வாலா போரில் தந்தையையும் தமையனையும் ஒருசேரப் பறிகொடுத்தார். 1860-ல் ராணுவப் பொறியாளராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1868 அபிசீனியப் படையெடுப்பில் பதக்கமும் பெற்றார். எனினும் அவர் பெயரை நிலைநாட்டியது போர்க்களம் அன்று. 1887-ல் தொடங்கி 1895-ல் முடித்த பெரியாற்று அணையே. அந்த ஆண்டே 'சி.எஸ்.ஐ.' பட்டமும் வந்து சேர்ந்தது.

மனைவியின் நகைகளை விற்று அவர் அணை கட்டினார் என்று மேடைகளில் முழங்குகிறோம். அணை, சென்னை மாகாண அரசின் திட்டம், அரசின் செலவு. வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் சென்ற பிறகும் மீண்டும் தொடங்கினாரே, அந்த விடாமுயற்சி ஒன்றே போதாதா? உண்மையான பெருமைக்குப் பொய்ப்பூச்சு எதற்கு?

கதையில் மறைந்துபோனவர்கள் வேறு சிலர். மதராஸ் பயனியர் படையின் சிப்பாய்களும், கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும், கூலித் தொழிலாளரும் அந்தக் காட்டில் உழைத்தார்கள். காய்ச்சலுக்கும் காலராவுக்கும் நூற்றுக்கணக்கானோர் பலியாகி, அணையருகிலேயே புதைக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் பெயராவது நம் நினைவில் உண்டா?

கர்னலுக்கு 2013-ல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் எழுந்தது. மகிழ்ச்சியே. தேனி, மதுரை விவசாயிகள் அவருக்குப் பொங்கல் வைப்பதும் நன்றியுள்ள செயல்தான். ஆனால் அந்த நன்றி படத்துக்கு மாலை போடுவதோடு நின்றுவிடக் கூடாது.

கேரளத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதில் தனிக் கடமை உண்டு. பொன்முடி வட்டாரத் தேயிலைத் தோட்டங்களிலும் மலையேறி வந்த தமிழரின் வியர்வை கலந்திருக்கிறது. பெயர் எழுதப்படாத உழைப்பின் அருமை நமக்குப் புதிதன்று. அணையைப் பற்றி இரு மாநிலங்களும் வழக்காடலாம். அதைக் கட்டிய கைகளில் இரு பக்கத்துக் கைகளும் இருந்தன என்பதை மறுக்க முடியாது.

ஆகவே, வரும் ஜனவரி 15-ல் தமிழ்ச் சங்கங்கள் விழா எடுக்கட்டும். கர்னலின் வரலாற்றை உள்ளபடியே சொல்லட்டும். அதே மேடையில், காட்டில் மாண்ட தொழிலாளருக்காக இரண்டு நிமிடம் எழுந்து நிற்கட்டும். அணைப் பகுதியில் அவர்கள் நினைவாக ஒரு கல்வெட்டு வேண்டும் என்று இரு அரசுகளையும் கேட்கட்டும். தமிழும் மலையாளமும் அருகருகே பொறித்த கல்வெட்டாக அது இருக்கட்டும்.