'உங்களுடன் ஸ்டாலின்' வழக்கு: அரசு விளம்பரத்துக்குச் சட்டம் என்னதான் சொல்கிறது? கீழ்வேளூர்க்காரர் கேட்க வேண்டிய கேள்வி எது?

அரசு நடத்தும் மனு முகாமுக்கு முதல்வரின் பெயரை வைக்கலாமா? விளம்பரத்தில் உயிரோடு இருப்பவர் பெயர் வரக் கூடாது என்று ஜூலை 31-ம் தேதி சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஆறே நாளில், ஆகஸ்ட் 6-ம் தேதி, அந்த உத்தரவை ரத்து செய்தது உச்ச நீதிமன்றம். அதோடு விடவில்லை. வழக்குப் போட்ட அ.தி.மு.க. எம்.பி. சி.வி.சண்முகம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணத்தை ஏழைகளுக்கான திட்டங்களுக்குத் தமிழ்நாடு அரசு செலவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

ஒரு பக்கம் 'பார்த்தீர்களா' என்கிறார்கள். இன்னொரு பக்கம் 'மக்கள் மன்றத்தில் பார்த்துக்கொள்கிறோம்' என்கிறார்கள். ஆனால் அரசுப் பணத்தில் அரசு தன்னைப் பற்றி எவ்வளவு பேசலாம், எப்படிப் பேசலாம் என்ற கேள்விக்கு இந்த வழக்கில் முழு பதில் கிடைத்துவிட்டதா? இல்லை.

முகாம் எதற்கு?

'உங்களுடன் ஸ்டாலின்' ஜூலை 15-ம் தேதி சிதம்பரத்தில் தொடங்கியது. நவம்பர் வரை மொத்தம் 10 ஆயிரம் முகாம்கள். நகர்ப்புறத்தில் 13 துறைகளின் 43 சேவைகள், ஊரகத்தில் 15 துறைகளின் 46 சேவைகள். பட்டா மாறுதல், சாதிச் சான்று, மருத்துவக் காப்பீட்டு அட்டை, விடுபட்ட மகளிருக்கான உரிமைத்தொகை விண்ணப்பம் என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுக்க முடிந்தது. மனு மீது 45 நாளில் நடவடிக்கை என்பது அரசு சொன்ன கெடு. முகாமுக்கு முன்பே தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்த் தகவல் கையேடும் விண்ணப்பமும் கொடுத்தார்கள்.

திட்டமே தப்பு என்று உயர் நீதிமன்றமும் சொல்லவில்லை. முகாம் நடத்துங்கள், ஆனால் விளம்பரத்தில் உயிரோடு இருக்கும் தலைவரின் பெயர், முன்னாள் முதல்வர்கள் மற்றும் கொள்கைத் தலைவர்களின் படம், கட்சிச் சின்னம், கொடி வரக் கூடாது என்றுதான் தலைமை நீதிபதி மணீந்திர மோகன் ஸ்ரீவஸ்தவா அமர்வு இடைக்கால உத்தரவு போட்டது.

உச்ச நீதிமன்றம் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

தலைவர்கள் பெயரில் திட்டம் என்பது நாடு முழுக்க இருக்கும் பழக்கம், அப்படியிருக்க ஒரே ஒரு கட்சியை மட்டும் குறிவைத்து வழக்குப் போடுவது ஏன் என்று கேட்டது தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் அமர்வு. தேர்தல் ஆணையத்தில் மனு கொடுத்த மூன்றே நாளில் உயர் நீதிமன்றத்துக்கு ஓடியதையும் குறை சொன்னது. அரசியல் சண்டையை வாக்காளர்கள் முன்னால் போடுங்கள், நீதிமன்றத்துக்குக் கொண்டுவராதீர்கள் என்பதுதான் சாரம்.

'ஒரே கட்சி' என்ற வாதத்தில் நியாயம் இருக்கு. அம்மா உணவகம், அம்மா குடிநீர், அம்மா உப்பு, அம்மா சிமெண்ட் எல்லாம் ஜெயலலிதா உயிரோடு இருந்தபோது வந்தவை. 2013-ல் வருவாய்த் துறை ஆட்கள் கிராமத்துக்கே வந்து மனு வாங்கும் முகாம் ஒன்று தொடங்கியது. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு நீளமான பெயர் வைத்தார்கள். முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'அம்மா'! ஆக, மனு முகாமுக்கு முதல்வரின் பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை.

சென்னை சிற்றுந்துகளில் வரையப்பட்ட இலைகள் இரட்டை இலையைத்தான் காட்டுகின்றன என்று அப்போது நீதிமன்றம் போனது தி.மு.க. 2014 தேர்தல் நேரத்தில் அந்த இலைகள் மறைக்கப்பட்டன. இப்போது வாதி, பிரதிவாதி இடம் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். (இந்த இடமாற்றம் கீழ்வேளூருக்கு இன்னும் நல்லாவே புரியும். 2011-ல் அ.தி.மு.க. கூட்டணியிலும் 2021-ல் தி.மு.க. கூட்டணியிலும் நின்று இந்தத் தொகுதியில் ஜெயித்தவர் ஒரே ஆள்தான், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் நாகை மாலி.)

அப்போ சட்டமே இல்லையா?

அரசு விளம்பரத்துக்கென நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இல்லை. இருப்பது 2015 மே 13-ம் தேதி 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்கள். பேராசிரியர் என்.ஆர்.மாதவ மேனன் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை நீதிமன்றம் ஏற்றது. விளம்பரம் அரசின் கடமை தொடர்பாக இருக்கணும். ஆளும் கட்சியின் அரசியல் நலனை வளர்க்கக் கூடாது. செலவுக்கு நியாயம் இருக்கணும்.

படம் விஷயத்தில் அன்றைக்கு ரொம்பவே கறார். குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி தவிர யார் படமும் கூடாது என்றார்கள். மாநிலங்கள் விடுமா? தமிழ்நாடு உள்பட பல மாநிலங்கள் மறுஆய்வு கேட்டுப் போக, 2016 மார்ச் 18-ம் தேதி ஆளுநர், முதல்வர், துறை அமைச்சர் படங்களுக்கும் கதவு திறந்தது. அதனால் இன்றைய முதல்வரின் படம் விளம்பரத்தில் வருவதில் சட்டச் சிக்கல் இல்லை.

மேனன் குழு இன்னொன்றும் சொல்லியிருந்தது. தேர்தல் நெருங்கும்போது அரசு விளம்பரங்களுக்குத் தடை வேண்டும் என்று. அதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்றைக்கு வரும் சண்டையில் பாதி அந்த இடைவெளியிலிருந்து வருவதுதான். தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்த பிறகுதான் அரசுச் செலவில் விளம்பரம் செய்யக் கூடாது. தேர்தலுக்கு அறிவிப்பு வரும்வரை அந்த விதி தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

சரி, 2015 வழிகாட்டுதல்களை மீறினால் யார் கேட்பது? அதற்கு மூன்று பேர் கொண்ட குழு என்றார்கள். டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். ஆம் ஆத்மி அரசின் சில விளம்பரங்கள் விதிமீறல் என்று அந்தக் குழு 2016-லேயே சொல்லிவிட்டது. கட்சியிடமிருந்து 97 கோடி ரூபாயை வசூலிக்கத் துணைநிலை ஆளுநர் உத்தரவிட்டது 2022 டிசம்பரில். அடுத்த மாதமே வட்டியோடு 163.62 கோடி கேட்டு நோட்டீஸ். நடுவில் ஆறு வருஷம்! குழு சொன்னதைச் செயல்படுத்துவது அன்றைய அரசியல் சூழலின் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நல்ல உதாரணமும் உண்டு. 2021-ல் ஆட்சி மாறியபோது, ஜெயலலிதா, எடப்பாடி பழனிசாமி படங்கள் அச்சிட்ட சுமார் 65 லட்சம் புத்தகப் பைகள் கையிருப்பில் இருந்தன. அப்படியே கொடுத்துவிடுங்கள், மிச்சமாகும் 13 கோடி ரூபாயை மாணவர்களுக்கே செலவிடலாம் என்று முதல்வர் ஸ்டாலின் சொன்னார். பொதுப் பணத்தில் வாங்கும் இப்படிப்பட்ட பொருள்களில் அரசியல் தலைவர்கள் படம் போடும் பழக்கம் நிற்க வேண்டும் என்று அப்போது உயர் நீதிமன்றமும் சொன்னது.

கீழ்வேளூருக்கு என்ன வேணும்?

பெயர், படம் சண்டையில் யாரும் தொடாத ஒரு சட்டம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4. பொதுவாக இந்தச் சட்டம் என்றால் மனு போட்டுக் கேட்பது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் கேட்காமலே அரசு என்னென்ன சொல்ல வேண்டும் என்பதுதான் பிரிவு 4. மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, எவ்வளவு ஒதுக்கீடு, பயனாளிகள் யார் என்பதெல்லாம் அதில் வரும். எந்த மொழியில், எந்த வழியில் சொல்வது என்பதற்கும் உட்பிரிவு 4(4) இருக்கிறது. செலவு கட்டுப்படியாக இருக்கணும், உள்ளூர் மொழியில் இருக்கணும், அந்தப் பகுதியில் எது நன்றாகப் போய்ச் சேருமோ அந்த வழியில் சொல்லணும். அறிவிப்புப் பலகை, பத்திரிகை, ஒலிபெருக்கி, இணையம் எதுவாகவும் இருக்கலாம்.

செய்தி மக்கள் தொடர்புத் துறையின் திட்டமிடலை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். கீழ்வேளூர் காவிரியின் கடைமடை. 2025 ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணையை முதல்வர் திறந்தது எல்லோருக்கும் தெரியும். கடைமடை விவசாயிக்குத் தெரிய வேண்டியது, தன் வாய்க்காலுக்கு முறை எப்போது என்பது. அறுவடை நேரத்தில், பக்கத்து நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்றைக்குத் திறக்கும் என்பது. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீட்டுக் கெடு வழக்கமாக நவம்பர் நடுவில் முடியும். அந்தத் தேதியும், என்னென்ன காகிதம் வேண்டும் என்பதும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதியிருந்தால், முழுப்பக்க விளம்பரத்தைவிட அதற்குச் செலவும் கம்மி, பலனும் ஜாஸ்தி.

அந்த வகையில் 'உங்களுடன் ஸ்டாலின்' விளம்பரத்தில் உருப்படியான பகுதி, தன்னார்வலர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன கையேடுதான். எந்தத் துறை, எந்தச் சேவை, என்ன ஆவணம், எந்த நாள் என்று அதில் இருக்கும்வரை அது தகவல். மேலே இருக்கும் பெயர் யாருக்குப் பிரச்சாரம் என்பது வேறு கேள்வி. அதைத்தான் வாக்காளரிடம் விட்டிருக்கிறது உச்ச நீதிமன்றம்.

ஆனால் அந்த விளம்பரத்தில் இருக்கும் ஒரு எண்ணை நீங்களே சோதிக்கலாம். மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். 45 நாளில் பதில் வரவில்லை என்றால், 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலையைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். முகாம் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு என்றும் அதே மாதிரி கேட்கலாம்.

முதல் நாளான ஜூலை 15-ம் தேதி மனு கொடுத்தவர்களுக்கு 45 நாள் கெடு ஆகஸ்ட் 29-ம் தேதி முடிந்தது.