உறை பிரிக்காத வீரர்கள்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயை மறந்த தமிழ் வாசகர்கள் குறைவு. ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்த அது பிறகு தூர்தர்ஷனில் சின்னத்திரைத் தொடராகவும் ஆனது. பிரிட்டனிலும் இப்படி ஒரு நாய் உண்டு. பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1977-ல் அறிமுகமான அதன் பெயர் கே-9. மறு ஆண்டே பாலிடாய் என்ற கம்பெனி பேசும் கே-9 பொம்மையைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. அன்று அதற்காக அப்பாவிடம் அடம்பிடித்த சிறுவர்களுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. பொம்மையோ இன்னும் ஏலத்தில் கை மாறிக்கொண்டிருக்கிறது. ஜீனோவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. படித்தோம், பார்த்தோம், அவ்வளவுதான்.

விஞ்ஞானக் கதைத் தொடர்களின் பாத்திரங்களைப் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்பது மேற்கில் பெரிய தொழில். வளர்ந்த ஆண்கள் அவற்றை வாங்கி அலமாரியில் அடுக்குவது அதைவிடப் பெரிய பொழுதுபோக்கு. வேலையற்ற வேலை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அந்த அலமாரிகளில் நம்முடைய சரக்கும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

இந்த பொம்மைகளுக்கு 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று பெயர் வந்ததே ஒரு கூச்சத்தினால்தான். 1964-ல் ஹாஸ்ப்ரோ கம்பெனி 'ஜி.ஐ. ஜோ' என்ற ராணுவ வீரனை விற்பனைக்கு விட்டது. கை, கால், கழுத்து எல்லாம் வளையும்; உடை மாற்றலாம். உள்ளபடி பார்த்தால் பொம்மைதான். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் அமெரிக்கப் பையன்கள் தொடமாட்டார்கள், அது பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று பயந்து புதுப் பெயரைக் கண்டுபிடித்தார்கள். தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. கொலுப்படியில் செட்டியாரும் பொம்மைதான், போலீஸ்காரரும் பொம்மைதான்.

சேகரிப்பாளர் உலகின் விலை நிலவரம் விசித்திரமானது. 1978-ல் அமெரிக்காவின் ஏ.பி.சி. டி.வி.யில் 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்ற விண்வெளித் தொடர் தொடங்கியது. அதை ஒட்டி மாட்டெல் கம்பெனி விண்கலப் பொம்மைகளை வெளியிட்டது. பொத்தானை அழுத்தினால் குட்டி ஏவுகணை பாயும். அந்த ஏவுகணை தொண்டையில் சிக்கி நான்கு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். கம்பெனி பொம்மைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே சமயம் போட்டிக் கம்பெனியான கென்னர், 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் பாபா ஃபெட் என்ற பாத்திரத்தை, முதுகிலிருந்து ராக்கெட் பாயும் பொம்மையாக விளம்பரம் செய்திருந்தது. விபத்துக்குப் பிறகு ராக்கெட்டை முதுகோடு ஒட்டித்தான் குழந்தைகளுக்கு அனுப்பியது. கடைக்கு வராமலே நின்றுபோன பாயும் ராக்கெட் மாதிரிகளில் ஒன்று 2024-ல் ஏலத்துக்கு வந்தது. விலை 5,25,000 டாலர். நம் பணத்தில் நாலு கோடி ரூபாய்க்கு மேல். எந்தக் குழந்தையின் கையிலும் சேராத பொம்மைக்குத்தான் இந்த விலை.

இந்த சூத்திரத்தைத் தயாரிப்பாளர்களும் புரிந்துகொண்டார்கள். 'ஸ்டார் டிரெக்' தொடரின் பொம்மைகளை 1992 முதல் வெளியிட்ட பிளேமேட்ஸ் கம்பெனி, ஒவ்வொரு பொம்மையின் பாதத்திலும் வரிசை எண் பொறித்தது. 1990-களின் நடுவில் இன்னும் ஒரு படி மேலே போய், கேப்டன் பிக்கார்டின் ஒரு வடிவத்தை மொத்தம் 1,701 மட்டுமே செய்தது. கதையில் வரும் விண்கலத்தின் பதிவு எண் 1701 என்பதால் அந்தக் கணக்கு. லட்சக்கணக்கான ரசிகர்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் பொம்மை! வருடக்கணக்காக ஒன்று விடாமல் சேர்த்துவந்தவர்கள் கொதித்துப்போனார்கள். பலர் சேர்ப்பதையே விட்டுவிட்டார்கள். காலம் உண்டாக்கும் அருமை வேறு, கம்பெனி உண்டாக்கும் அருமை வேறு. முன்னது வரலாறு. பின்னது வியாபாரம்.

இதில் நம் பங்குக்கு வருவோம். 1987-ல் எம்.ஆர்.எஃப். குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து ஃபன்ஸ்கூல் கம்பெனியைத் தொடங்கின. தலைமையகம் சென்னை, ஆலை கோவாவில். அதற்குள் ஜி.ஐ. ஜோ மூன்றே முக்கால் அங்குல உயரத்துக்குச் சுருங்கி, கார்ட்டூன் தொடரின் நாயகனாகியிருந்தான். லேசர் துப்பாக்கி, செயற்கையாக உருவாக்கப்பட்ட சக்கரவர்த்தி என்று பாதி விஞ்ஞானக் கதையாகவும் ஆகியிருந்தான். அமெரிக்காவில் உழைத்து முடித்த அச்சுகள் இங்கே வந்தன. அதே வீரர்களை ஃபன்ஸ்கூல் வார்த்தது, ஆனால் அப்படியே அல்ல. அங்கே பச்சை உடுத்தியவன் இங்கே வேறு நிறம் உடுத்தினான். ஒருவன் தலை இன்னொருவன் உடலில் ஏறியது. சில பொம்மைகளில் கலவை எப்படி அமையும் என்று யாராலும் ஊகிக்க முடியாது.

இந்தக் கலவைகள்தான் இன்று அமெரிக்க சேகரிப்பாளர்களுக்குப் புதையல். எந்த வீரன், என்ன நிறம், அட்டையின் பின்னால் என்ன படம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆக, இந்தியத் தொழிலாளி வார்த்து, இந்தியக் குழந்தை விளையாடிய பொம்மையின் வரலாறு ஓஹையோவிலும் டெக்சாஸிலும் எழுதப்படுகிறது. ஏட்டுச் சுவடிகளைத் தேடி லண்டனுக்குப் போன தமிழாராய்ச்சிக்கு இது ஒன்றும் புதிய அனுபவமல்ல.

நாம் ஏன் வைத்துக்கொள்ளவில்லை? விளையாடினோம், அதனால். ஜி.ஐ. ஜோவின் மேலுடலையும் இடுப்பையும் உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். வருடங்கள் ஆக ஆக அது காய்ந்து அறுந்துவிடும். வீரன் இரண்டாகி, பிறகு பழைய பிளாஸ்டிக் சாமான்களோடு எடைக்குப் போவான். வளையம் ஒன்றை மாற்றினால் அவன் எழுந்து நிற்பான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுகாவில் வடகரப்பதி இருக்கிறது. கேரளத்துக்குள் தமிழ் பேசும் ஊர்கள் நிறைந்த, பனைமரங்கள் நிற்கும் வறண்ட பூமி. நல்லது கெட்டதுக்குக் கடைவீதி என்றால் பொள்ளாச்சி, இல்லாவிட்டால் கோவை. இந்த மாதிரி ஊர்களில் பையன்களின் முதல் வாகனம் நுங்கு வண்டி. இரண்டு நுங்குக் கூந்தல், நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டைக் கொம்பு. நாலு நாளில் காய்ந்து உடையும். அடுத்த நாள் இன்னொன்று. பொம்மை என்றால் உடைவதுதான் என்பது நமக்கு இயல்பாகவே படிந்துபோன விஷயம். பனைக்கு அது சரி. மறு வருடம் மரம் மறுபடி காய்க்கும். 1991-ல் கோவாவில் வார்த்த பொம்மை மறுபடி காய்க்காது.

வைத்துக்கொள்ளவும் நமக்குத் தெரியாமல் இல்லை. இதே மாவட்டத்தின் கல்பாத்தி அக்ரஹாரங்களில் கொலு வைக்கும் வீடுகளில் பாட்டி காலத்து மரப்பாச்சி இன்னும் படியேறுகிறது. வருடத்துக்கு ஒன்றாவது புதிதாகச் சேர வேண்டும் என்பது வழக்கம். நவராத்திரி முடிந்ததும் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மற்றவற்றைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பார்கள். உலகத்தின் எந்த சேகரிப்பாளருக்கும் குறையாத பக்குவம் அது. ஒரே வித்தியாசம், இவர்கள் பெட்டியைத் திறப்பார்கள். தெருக் குழந்தைகள் வந்து பார்த்து, பாடி, சுண்டல் வாங்கிப் போகும்.

கேரளத்துக்காரரான கார்ட்டூனிஸ்ட் சங்கர் செய்ததும் இதைத்தான். ஹங்கேரித் தூதர் கொடுத்த ஒரு பொம்மையில் தொடங்கிய அவருடைய ஆசை, 1965-ல் டெல்லியில் சங்கர் சர்வதேச பொம்மை மியூசியமாக வளர்ந்தது. ஆயிரம் பொம்மைகளோடு ஆரம்பித்து ஆறாயிரத்தைத் தாண்டியது. நாடுகளின் உடைகளையும் நடனங்களையும் குழந்தைகள் பார்க்க வேண்டும் என்பது அவர் நோக்கம். டி.வி. பார்த்து வளர்ந்த தலைமுறையின் பொம்மைகளுக்கு அப்படி ஒரு சங்கர் இன்னும் வரவில்லை. 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா', 'கேப்டன் வியோம்', 1997 முதல் 2005 வரை ஓடிய 'சக்திமான்' என்று தூர்தர்ஷன் காட்டிய கதைகளின் ஸ்டிக்கர்களும் சட்டைகளும் பரண்களில்தான் கிடக்கின்றன. பரண்களோ, பழைய வீடுகளோடு சேர்ந்து இடிக்கப்படுகின்றன.

வீடு காலி செய்யும்போது அந்தப் பழைய பிஸ்கட் டின்னை ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே இடுப்பொடிந்த வீரன் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். முதுகில் என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள். அட்டை இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு, எந்த வருடம், எந்தக் கடையில் வாங்கியது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே போடுங்கள். உறை பிரிக்காத பொம்மைக்குச் சந்தையில் விலை அதிகம், உண்மைதான். ஆனால் ஒரு தலைமுறை எப்படி விளையாடியது என்று கேட்டால், பதில் சொல்லப்போவது பல் பட்ட தழும்போடு கிடக்கும் அந்த பொம்மைதான்.