உலாவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை

இணையத்திற்குள் நுழையும் வாயில் உலாவி. நம் கடிதங்களைக் காக்கும் பேழை மின்னஞ்சல் செயலி. இவ்விரண்டையும் நம்மில் பலர் தேர்ந்தெடுப்பதே இல்லை. கணினியிலோ கைப்பேசியிலோ முன்பே நிறுவப்பட்டிருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். வணிக மென்பொருள்களுக்கு மாற்றாகத் திறமூல மென்பொருள்களை நாமே அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

திறமூல மென்பொருள் தன் மூலநிரலை மறைப்பதில்லை. அதனை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். நெட்ஸ்கேப் நிறுவனம் 1998ஆம் ஆண்டு தன் உலாவியின் மூலநிரலை வெளியிட்டது. அவ்வித்திலிருந்து முளைத்த மொசில்லா திட்டம், 2004ஆம் ஆண்டு பயர்பாக்ஸ் உலாவியின் முதற்பதிப்பையும் தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலியின் முதற்பதிப்பையும் உலகிற்கு அளித்தது.

இதனால் விளையும் நன்மை யாது? இரு மின்னஞ்சல் செயலிகளின் வரலாறு விடை கூறும். 'யூடோரா' ஒரு காலத்தில் பெரும்புகழ் பெற்ற செயலி. அதன் உரிமையாளரான குவால்காம் நிறுவனம் 2006ஆம் ஆண்டு அதனைக் கைவிட்டது. மூலநிரல் பூட்டப்பட்டிருந்தமையால், பழகிய செயலியைச் செப்பனிட்டுக்கொள்ளப் பயனர்க்கு வழியில்லாமல் போயிற்று. 2018ஆம் ஆண்டில்தான் அந்நிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. தண்டர்பேர்டுக்கும் இத்தகைய இடர் நேர்ந்தது. 2012ஆம் ஆண்டு மொசில்லா அதன் வளர்ச்சிப் பணியைக் குறைத்துக்கொண்டது. ஆயினும் நிரல் திறந்திருந்ததால் தன்னார்வலர்கள் அப்பணியை ஏற்றனர். இன்றும் அச்செயலி வாழ்கிறது.

மொழிக்கும் இதில் பங்குண்டு. தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர் என மரபு போற்றும் அகத்தியரின் பெயர் தாங்கிய மலைச்சாரலில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் அமைந்த தேயிலைத் தோட்ட ஊர் போனக்காடு. அங்குத் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்களும் வாழ்கின்றன. வணிக உலாவிகளும் இன்று தமிழில் கிடைக்கின்றன என்பது உண்மையே. ஆனால், அதனைத் தருவதும் நிறுத்துவதும் நிறுவனத்தின் விருப்பம். பயர்பாக்ஸின் தமிழ் வடிவமோ தன்னார்வலர்களின் உழைப்பு. அதில் பொருந்தாத சொல் ஒன்றைக் கண்டால், போனக்காட்டு மாணவியும் திருத்தத்தை முன்மொழியலாம். பயனரே படைப்பாளராகவும் ஆகும் வாய்ப்பு இது.

இவ்வெண்ணம் அம்மாவட்டத்திற்குப் புதிதன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. பின்னர்க் கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியும் கட்டற்ற மென்பொருள் வழியே வளர்ந்தது.

வணிக மென்பொருளே வசதியானது என்பர் சிலர். அவ்வசதியை மறுப்பதற்கில்லை. திறமூல மென்பொருளிலும் குறைகள் உண்டு. உரிய காலத்தில் புதுப்பிக்காவிடின் அதுவும் தீங்கிற்கு இடம் தரும். எனினும், அதன் குறையைக் காணவும் களையவும் நமக்கு உரிமை உண்டு. விலையின்றிக் கிடைக்கிறது என்பதற்காக அன்று, அவ்வுரிமைக்காகவே அதனைத் தேர்ந்தெடுப்போம்.

சிந்தித்து எழுதுக
1. யூடோரா, தண்டர்பேர்டு ஆகியவற்றின் வரலாற்றிலிருந்து நீவிர் அறிவது யாது?
2. 'வசதியே முதன்மையானது' என்னும் கருத்தை ஏற்கிறீரா? காரணம் தருக.