எல்லையில் நிற்கும் எண்ணும் வைத்தியரின் விசாரணையும்

சுங்கை லாலாங்கிலும் பீடோங்கிலும் சுங்கை பட்டாணியிலும் வாழும் நம்மவர்களில், இனிப்பு நீர் வியாதிக்காக ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இவ்வியாதி இருப்பதாகக் கணித்தது. இத்தகையவரின் இரத்தப் பரிசோதனைத் தாளில் வைட்டமின் பி12 குறைவென்றும் நிறைவென்றும் சொல்ல இயலாத இடைநிலையில் நிற்குமாயின், சிகிச்சை தொடங்குவதா, பொறுத்திருப்பதா என்று குடும்ப வைத்தியர் எதைக் கொண்டு நிர்ணயிப்பது?

தாளில் உள்ள எண்ணை மட்டும் கொண்டு நிர்ணயிக்கலாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம். 2024இல் பிரிட்டனின் நைஸ் நிறுவனம் வகுத்த நெறிமுறை, லிட்டருக்கு 180 நானோகிராமுக்குக் கீழ்ப்பட்டால் குறைபாடு என்றும், 350க்கு மேற்பட்டால் குறைபாடு இருக்க வாய்ப்பில்லை என்றும் கூறி, இடைப்பட்ட பரப்பை நிச்சயமற்றதாகவே விட்டுவைத்தது. அந்தப் பரப்பில்தான் வைத்தியரின் விசாரணைக்கு வேலை இருக்கிறது. மெட்ஃபார்மின், சிறுகுடலின் கடைப்பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஆயினும் கல்லீரலில் ஆண்டுகளுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால் குறைவு தாமதமாகவே தலைகாட்டுகிறது. அது தலைகாட்டும் காலத்தில் உண்டாகும் பாத எரிச்சலும் மரத்துப்போதலும் இனிப்பு நீரின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுவதால், உண்மைக் காரணத்தைத் தேடுவாரில்லாமற் போகிறது. "காலு மரத்துப் போகுதாம்மா? மீன், முட்டை, பால் சாப்பிடுவீங்களா? வயித்தெரிச்சலுக்கு மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்கும் சில நிமிஷங்கள், இன்னொரு பரிசோதனைக் குழாயைக் காட்டிலும் பலன் தரும். அறிகுறியும் காரணமும் சேர்ந்து காணப்பட்டால், எண் இடைநிலையில் இருந்தாலும் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும்: மருந்து மலிவானது, மிகையானது பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும்; நரம்புக்கு நேரும் சேதமோ தாமதித்தால் திரும்பாமலே போகக்கூடும். பி12 குறைவால் வரும் சோகைக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்து அனுப்புவது அபாயம். சோகை மறைய, நரம்பு உள்ளுக்குள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

வைட்டமின் டி விஷயத்தில் என் மனம் எதிர்த்திசையில் செல்கிறது. மில்லிலிட்டருக்கு 30 நானோகிராம் என்ற எண்ணைத் தொட்டாக வேண்டுமென்று 2011இல் சொன்ன அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமே 2024இல் அவ்விலக்கைக் கைவிட்டதோடு, ஆரோக்கியமானவர்களை இதற்காகப் பொதுவாகப் பரிசோதிக்கவும் வேண்டாமென்றது. இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் பங்கேற்ற வைட்டல் ஆய்விலும், தினசரி மாத்திரை புற்றுநோயையோ மாரடைப்பையோ எலும்பு முறிவையோ குறைக்கவில்லை. எலும்பு நோயோ வேறு தக்க காரணமோ இல்லாத ஒருவர், 'முழு உடல் பரிசோதனை' செய்து வாங்கி வந்த தாளில் 24 என்று கண்டு கலங்கி, மாதந்தோறும் ரிங்கிட் செலவழிப்பதற்கு நியாயமில்லை.

ஆகாரத்தை விசாரிப்பது இந்நாட்டு வைத்தியத்துக்குப் புதிதன்று. பெரிபெரி நோய் மலாயாவில் சீனத் தொழிலாளரை வாட்டிய காலத்தில், புழுங்கல் அரிசி உண்ட தோட்டத் தமிழரை அது அரிதாகவே தீண்டியதைக் கவனித்து, அரிசியிலேதான் காரணம் இருக்கிறதென்று 1907இல் நூலெழுதியவர் நெகிரி செம்பிலானின் டாக்டர் பிராடன். நச்சுப் பொருளே காரணம் என அவர் கருதியது தவறாயினும், நோக்கிய இடம் சரியானது. கோலாலம்பூரில் ஃபிளெட்சர் செய்த சோதனையும் அரிசியையே சுட்டியது; பிறகு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும், தீட்டலில் கழியும் தவிட்டில் அந்நோயைத் தடுக்கும் சத்து இருப்பதை நிலைநாட்டினர். நம் முன்னோரின் உணவுப் பழக்கமே அன்று ஆராய்ச்சிக்கு வழிகாட்டியது.

ஆகவே மெட்ஃபார்மின் சீட்டு புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு வருகையிலும், கிளினிக்கில் பாதங்களைத் தொட்டுப் பார்த்து, ஆகாரத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கும் ஏற்பாடு நமக்கு வேண்டும். பி12 தொடங்கியவர்களைச் சில மாதங்கள் கழித்து மறுபடி அழைத்து, மரத்துப்போதல் சற்றும் குறையவில்லையெனில், மருந்தை மட்டும் நீட்டிக்கொண்டு போகாமல், வேறு காரணத்தைத் தேடுதல் வேண்டும்.