கடலில் உறங்குவோரின் வேலை நேரம்

குமரி மாவட்டத்தில் மீனவர் அரங்கில் பணியாற்றும் தோழர்களின் வேண்டுகோளை ஏற்று, கடந்த மாதம் ஓர் ஆவணத்தைத் தமிழாக்கம் செய்யத் தொடங்கினேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007ஆம் ஆண்டில் நிறைவேற்றிய, மீன்பிடித் தொழில் பற்றிய 188ஆம் உடன்படிக்கை அது. கிளைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மூத்த தோழர் ஒருவர் சிரித்தார். "தங்கவயலில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி என்ன எழுதப் போகிறீர்கள், தோழர்? நமக்குத் தெரிந்த கடல் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்குவதுதானே?" என்றார். அது உண்மைதான். ஆயினும் அந்த ஆவணத்தின் ஒரு பிரிவில் என் பேனா நின்றுவிட்டது. அது நின்ற இடம் கடலைவிட நம் சுரங்கத்துக்கே அருகில் இருந்தது.

மூன்று நாட்களுக்கு மேல் கடலில் தங்கும் எந்தப் படகாக இருப்பினும், அதன் அளவு எதுவாக இருப்பினும், அதில் பணிபுரிவோருக்கு எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரமும், எந்த 7 நாட்களிலும் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு கிடைக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. எண்களை மொழிபெயர்ப்பது எளிது. 'ஓய்வு' என்ற சொல்தான் இடறியது. வேலை முடிந்து வீடு திரும்பியவனுக்குக் கிடைப்பது ஓய்வு. வேலை செய்யும் இடத்தை விட்டு ஓர் அடிகூட நகர முடியாதவன், அந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொள்வதை என்னவென்று அழைப்பது?

இத்தகைய மீன்பிடிப்புக்கு நம் கடற்கரை மக்கள் 'தங்குகடல்' என்று அழகான ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். இலங்கைத் தமிழர் 'பலநாள் படகு' என்பர். தமிழ் முதுகலை வகுப்பில் வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டு கேட்டபோதெல்லாம் 'ஊறுகாய்' என்றே எழுதிப் பழகிய எனக்கு, 'தங்குகடல்' என்ற வினைத்தொகை ஐம்பது வயதுக்குப் பிறகுதான் அறிமுகமாயிற்று. சொல் அழகானது. ஆனால் தங்கும் விதத்தைப் பற்றி அந்தச் சொல் ஏதும் கூறுவதில்லை.

நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை அடுத்தடுத்து அமைந்த தூத்தூர் வட்டாரக் கிராமங்களின் மீனவர்கள், ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். கொச்சி, முனம்பம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டு வாரக்கணக்கில், சில வேளை ஒரு மாதத்துக்கும் மேல் கடலிலேயே இருக்கிறார்கள். படகின் நடுப்பகுதி மீனுக்கும் ஐஸுக்கும் உரியது. பின்பகுதி இயந்திரத்துக்கு உரியது. வலை, கயிறு, டீசல், குடிநீர், அரிசி ஆகியவை பிடித்தது போக மிஞ்சும் பலகையே மனிதனுக்கு உரியது. சுக்கான் அறைக்குப் பின்னால் ஒருவர் கால்மாட்டில் மற்றவர் தலைவைத்துப் படுக்கிறார்கள். புழுக்கம் தாங்காதவர் தளத்தில் தார்ப்பாயை விரிக்கிறார். இயந்திரத்தின் அதிர்வு முதுகெலும்பில் இறங்கிக்கொண்டே இருக்கும். உறக்கத்தின் நேரத்தைச் சூரியன் முடிவு செய்வதில்லை. தூண்டில் கயிற்றை இழுக்க வேண்டிய நேரம் முடிவு செய்கிறது. ஸ்ராங்கு குரல் கொடுத்தால் எழ வேண்டும்.

இதில் எது வேலை நேரம், எது வேலையற்ற நேரம்?

இந்தக் கேள்வியை உலகில் முதலில் உரக்கக் கேட்டவர்களில் சுரங்கத் தொழிலாளர்கள் உண்டு. நிலத்தடியில் பாறையைக் குடையும் நேரத்துக்குத்தான் கூலி என்றனர் முதலாளிகள். கூண்டில் ஏறி இறங்கும் நேரமும், இருட்டில் நடந்து வேலை முகப்பை அடையும் நேரமும் யாருடைய கணக்கு என்று கேட்டனர் தொழிலாளர்கள். தரையை விட்ட நொடி முதல் தரைக்குத் திரும்பும் நொடி வரை அனைத்தும் வேலை நேரமே என்பது அவர்களது வாதம். நிலக்கரிச் சுரங்கங்களுக்கென 1931ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இயற்றிய உடன்படிக்கை, இறங்குவதற்காகக் கூண்டில் நுழையும் நேரம் முதல் மேலேறிக் கூண்டை விட்டு வெளிவரும் நேரம் வரை கணக்கிட வேண்டும் என்று வரையறுத்தது. நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. அவ்வளவு ஆழம் இறங்கி ஏறியவரின் மகன் நான். இந்த வாதத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சட்டம் என்ன சொல்லிற்று என்பது அப்பாவுக்குத் தெரியாது. ஆனால், "கூண்டுல கால் வெச்சா உசுரு கம்பெனியோடது" என்று அவர் சொல்வார்.

படகில் கால் வைத்தவனின் உயிர் யாருடையது என்பதற்கு ஒரு வழக்கு சான்று கூறுகிறது. 2012 பிப்ரவரி 15 அன்று மாலை, கேரளக் கடற்பகுதியில் 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகின் மீது 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து கடற்படை வீரர்கள் சுட்டனர். இரண்டு மீனவர்கள் மாண்டனர். மற்றவர்களில் பெரும்பாலோர் அப்போது உறக்கத்தில் இருந்தனர். மாலை நான்கரை மணிக்கு உறக்கமா என்று தரையில் வாழ்வோர் வியக்கலாம். தங்குகடலில் உறக்கம் அப்படித்தான் வாய்க்கும். எட்டாண்டுகளுக்குப் பின், 2020 ஜூலையில் வெளியான சர்வதேச நடுவர் மன்றத் தீர்ப்பு, உயிரிழப்புக்கும் படகுச் சேதத்துக்கும் மட்டுமன்றி, படகிலிருந்த ஏனையோர் அடைந்த மன வேதனைக்கும் இழப்பீடு உண்டு என்றது. 10 கோடி ரூபாய் வந்தது. மாண்டவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று பங்கிடப்பட்டது. குண்டுச் சத்தத்தில் விழித்தெழுந்து, உடன் உழைத்தவர்கள் பிணமாகக் கிடப்பதைக் கண்டவர்களுக்கு அந்தப் பங்கீட்டில் இடமில்லை. அவர்கள் உச்ச நீதிமன்றம் சென்ற பிறகே, 2022 நவம்பரில், உரிமையாளருக்கான 2 கோடியிலிருந்து 9 மீனவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவாயிற்று. எஞ்சிய 1.55 கோடி உரிமையாளருக்குச் சென்றது.

இரவில் நேர்பவை வேறு வகை. 2018 ஆகஸ்ட் 7 அதிகாலையில், முனம்பத்திலிருந்து புறப்பட்ட 'ஓஷியானிக்' படகின் மீது கப்பல் ஒன்று மோதியது. அதிலிருந்தோரில் பெரும்பாலோர் குமரி மாவட்டத்தவர். இரவு முழுதும் கண்விழித்துக் காவல் இருக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பகலில் உறங்கியிருக்க வேண்டும். பகலில் அவருக்கும் வலையில் வேலை இருந்தால், இரவில் படகுக்குக் காவல் யார்? 10 மணி நேர ஓய்வு என்ற விதியை ஏதோ ஐரோப்பியச் சொகுசு என்று எண்ணும் தோழர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த 188ஆம் உடன்படிக்கை 2017 நவம்பர் 16 அன்று உலக அளவில் நடைமுறைக்கு வந்தது. சரியாக இரண்டு வாரத்தில், நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியது. பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுவிட்ட தங்குகடல் படகுகளை எச்சரிக்கை எட்டவில்லை. இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. ஆனால் அதே 2017ஆம் ஆண்டில்தான், பாக் நீரிணைப்புப் பகுதியின் இழுவைப் படகுகளைக் கைவிட்டு ஆழ்கடலுக்குச் செல்லுங்கள் என்று ஒன்றிய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய். அதில் 20 விழுக்காடு வங்கிக் கடன், 10 விழுக்காடு மீனவர் பங்கு. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்றன. இரவில் வீட்டில் உறங்கிய மனிதனை நடுக்கடலில் உறங்க அனுப்பும் கொள்கை இது. இழுவை வலையால் நாட்டுப்படகு மீனவரும் கடலடி வளமும் அழிவதைத் தடுக்க மாற்று தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அங்கே அவன் எப்படி உறங்குவான் என்று யார் கேட்டார்கள்? 2024 ஆகஸ்டில் 1 லட்சம் படகுகளுக்குச் செய்தித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். தேவையான கருவிதான், ஒக்கியின்போது இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பர். படகு எங்கே நிற்கிறது என்பதை அது காட்டும். படகோட்டி எத்தனை மணி நேரமாக உறங்கவில்லை என்பதை எந்தக் கருவியும் காட்டாது.

சட்டமே இல்லாத வெளி இது என்றும் கூற முடியாது. மீனைக் கரையிலிருந்து நம் ஊருக்குக் கொண்டுவரும் லாரி ஓட்டுநரைப் பாருங்கள். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை அமைத்துத் தருவதை முதலாளியின் கடமையாக்கியது. ஒருவர் முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டிருக்கும் நேரமே வேலை நேரம் என்று வரையறுத்தது. ஐந்து தொழிலாளர் இருந்தாலே அந்தச் சட்டம் பொருந்தும். நடைமுறையில் ஓட்டுநரும் கிளீனரும் கேபினில் முடங்கிக் கிடந்தார்கள் என்பது வேறு. உரிமை கோருவதற்கு ஏட்டிலாவது ஒரு வரி இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொகுப்புச் சட்டங்கள் அதையும் விழுங்கிவிட்டன. ஐந்து என்பது பத்து ஆயிற்று. நாலைந்து லாரி வைத்திருக்கும் முதலாளிகளில் பலர் இனி கணக்கிலேயே வரமாட்டார்கள். படகுத் தொழிலாளிக்கோ இழப்பதற்கு அந்த ஒரு வரியும் இருந்ததில்லை.

காரணம் பங்கு முறை. டீசல், ஐஸ், உணவுச் செலவைக் கழித்து, எஞ்சியதில் படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. கூலி இல்லை, ஆகவே முதலாளி இல்லை. முதலாளி இல்லை, ஆகவே வேலை நேரமும் இல்லை என்று வாதம் செல்கிறது. உடன்படிக்கை இதை முன்கூட்டியே அடைத்துவிட்டது: பிடிபடும் மீனில் பங்கு பெற்று உழைப்பவரும் மீன்பிடித் தொழிலாளரே என்று அதன் வரையறை கூறுகிறது. நான் மொழிபெயர்த்ததிலேயே முக்கியமான வரி இதுதான் என்பேன்.

படகு உரிமையாளரும் பல வேளை அதே பலகையில்தான் படுக்கிறார், அவரை எதிரியாக்கலாமா என்று குமரித் தோழர்கள் கேட்கிறார்கள். கூடாது. அவரது கழுத்தில் கடன் கயிறு இருக்கிறது. அதன் மறுமுனை மீனை ஏலம் எடுக்கும் தரகரிடமும் ஏற்றுமதியாளரிடமும் இருக்கிறது. கடன் தவணைதான் 15 நாள் பயணத்தை 30 நாளாக நீட்டுகிறது. படுக்கை, காற்றோட்டம், கழிப்பறை ஆகியவற்றுடன் படகைக் கட்டும் செலவை, 80 லட்சம் திட்டத்தை வகுத்த அரசு மானியத்தில் சேர்க்கட்டும். காவலுக்கென ஓர் ஆளைக் கூடுதலாக வைத்துக்கொள்ள ஏலத்தில் ஒரு விழுக்காடு பிடித்தம் செய்யட்டும். இன்னொரு தயக்கமும் உண்டு. மீனவர்களே ஓய்வு நேரத்தை விரும்பமாட்டார்கள், பங்கு குறையும் என்பார்கள் என்கின்றனர். விரும்பமாட்டார்கள்தான். இரட்டை ஷிப்ட் கிடைத்தால் எங்கள் வீட்டிலும் மகிழ்ந்தோம். சிலிக்கா தூசி நெஞ்சில் படிந்தது பிறகுதான் தெரிந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின் எங்கள் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் விடியற்கால ரயில் ஏறிப் பெங்களூரு செல்கிறார்கள். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, நின்றபடியும் உறங்கும் அந்த நான்கைந்து மணி நேரம் எந்த முதலாளியின் கணக்கிலும் இல்லை. கிளைக் கூட்டத்தில் சிரித்த மூத்த தோழரின் மகனும் அந்த ரயிலில்தான் போகிறான்.

துண்டறிக்கைக்கு நான் அனுப்பிய வரைவில் முதல் கோரிக்கை, 188ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும் என்பது. இரண்டாவது, கரையை விட்டது முதல் கரை சேரும் வரை படகைப் பணியிடமாகவும், அதிலுள்ள அனைவரையும், உறங்குவோர் உட்பட, பணியில் இருப்போராகவும் இழப்பீட்டுச் சட்டங்கள் கருத வேண்டும் என்பது. 'ஓய்வு' என்ற சொல்லை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தேன். தூத்தூர்த் தோழர் அதை அடித்துவிட்டு, 'உறங்க விடும் நேரம்' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.