ஜன்னல் சீட்டுல தூங்குற மகராசன்களே, எழுந்து இடத்தைக் குடுங்க!

மக்களே, வழக்கமான மொக்கைன்னு நினைச்சு ஓடிடாதீங்க. இன்னிக்கு நெசமாவே கோவமா இருக்கேன்.

போன வாரம் நண்பர் ஒருத்தர் பெரிய ஞானி மாதிரி சொன்னார்: "ஃப்ளைட்ல விவரமானவன் நடைபாதை ஓரம்தான் உட்காருவான். ஜன்னல் எடுக்கிறதே சாஞ்சு தூங்கத்தான். வெளிய என்ன இருக்கு, மேகம்தானே?" இந்தப் பதிவு அவருக்குத்தான்.

2018 அக்டோபர். பசுபதிநாதரைப் பார்க்கணும்னு அம்மாவுக்குப் பல வருஷ ஆசை. தில்லி வரை ரயில், அங்கிருந்து காத்மாண்டுவுக்கு முற்பகல் ஃப்ளைட். அம்மாவுக்கு அதுதான் முதல் விமானம். தனியா காசு கட்டி ஜன்னல் சீட் வாங்கினேன். 'எஃப்'. அங்கதான் கோட்டை விட்டேன். விமானம் போறது கிழக்கே. இமயமலை இருக்கிறது வடக்கே. அப்போ மலை இடதுபக்கம், அதாவது 'ஏ' சீட். ஸ்கூல் பையனுக்குத் தெரியும், எனக்குத் தெரியலை.

தவளகிரி 8,167 மீட்டர், மனஸ்லு 8,163, அன்னபூர்ணா 8,091. வானம் தெளிவா இருந்தா மூணும் அந்தப் பக்கம் வரிசையா நிக்கும். எங்க வரிசையில 'ஏ'யில இருந்தவரோ ஷட்டரை இழுத்து மூடிட்டு வாயைப் பிளந்து தூக்கம். கண் முழிச்ச நேரம் பார்த்து, "சார், ரெண்டு நிமிஷம் திறங்களேன், அம்மா பார்க்கட்டும்"னு கேட்டேன். "வெயில் கண்ணுல அடிக்கும்"னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டார்.

ஐயா, அக்டோபர் மாசத்துல வடக்கு ஜன்னல்ல எங்கேருந்துய்யா வெயில் வரும்? சூரியன் இருந்தது எங்க பக்கம்!

"மலை எங்கடா?"ன்னு அம்மா ரெண்டு தடவை கேட்டாங்க. திரும்பி வந்தது ராத்திரி ஃப்ளைட், கும்மிருட்டு. "பரவாயில்லப்பா, கீழ ஆறு தெரிஞ்சுதே"ன்னாங்க. இப்போ முழங்கால் வலி. இனிமே அவ்வளவு தூரம் கிளம்ப மாட்டாங்க.

"காசு குடுத்தவன் உரிமை"ம்பீங்க. சரி, உட்கார உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா அந்த ஜன்னல் வெளிச்சம் பக்கத்துல இருக்கிற ரெண்டு பேருக்கும் சேர்த்துதான். ராத்திரிப் பயணம், உடம்பு சரியில்லைன்னா மூடுங்க, யாரும் கேட்க மாட்டாங்க. ஒன்றரை மணி நேரப் பகல் பயணத்துல தூங்கணும்னா நடு சீட்லயும் தூக்கம் வரும் சாமி!

விமானக் கம்பெனிகளும் லேசுப்பட்டவங்க இல்லை. போயிங் 737-ல இடதுபக்கம் ஒரு இடத்துல குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள்ள போறதால ஜன்னலே இருக்காது. அதையும் 'ஜன்னல் சீட்'னு விற்கிறாங்க. 787-ல ஷட்டருக்குப் பதிலா பட்டன். பணிப்பெண் நினைச்சா பட்டப்பகல்லயே எல்லா ஜன்னலையும் ஒரே அமுக்கா இருட்டாக்கலாம்.

நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம். டிக்கெட் போடும் முன்னாடி வரைபடத்தைப் பாருங்க. தில்லியிலிருந்து காத்மாண்டு போக 'ஏ', திரும்பி வர 'எஃப்', அதுவும் பகல்ல. காத்மாண்டுவிலிருந்து பாரோ போனா இடதுபக்கம். எவரெஸ்ட் அந்தப் பக்கம்தான். இறக்கைக்கு முன்னாடி உட்காருங்க. பின்னாடி உட்கார்ந்தா இன்ஜின் விடுற சூட்டுக்காத்துல காட்சி கலங்கும். சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருந்தா கண்ணும் கூசாது. சென்னையில மேற்கேருந்து இறங்கினா இடதுபக்கம் பாருங்க, செம்பரம்பாக்கம் ஏரி. மேகம் மட்டும்தானாம்!

இதெல்லாம் வேணாம், தூக்கம்தான் வேணும்னா தாராளமா தூங்குங்க. பக்கத்துல ஒரு அம்மா எட்டி எட்டிப் பார்த்தா மட்டும் எழுந்து இடம் மாறிக்குங்க. மலை ஓடிடாது. ஆனா அவங்களுக்கு இன்னொரு பயணம் இருக்குமான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

டிஸ்கி: நடைபாதை சீட் ஞானிகள் பின்னூட்டத்துல கும்மலாம். பதில் சொல்ல ரெடி :-)