முழுக்கைக்குள் ஒரு ரகசியம்!

ஏப்ரல் மாசம். கேன்டீன் ஃபேன்கூட அனல்தான் கக்குகிறது. உங்க கேங்கில் எல்லாரும் நோட்டை விசிறியாக்கி வீசிக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் முழுக்கை சுடிதார், கழுத்தைச் சுற்றி துப்பட்டா. 'என்னடி, வீட்ல அவ்ளோ ஸ்ட்ரிக்ட்டா?' என்று கலாய்த்திருப்பீர்கள். அவளும் சிரித்து சமாளித்திருப்பாள். அந்தக் கைக்குள்ளே, முழங்கை மேட்டில், சிவப்பாகத் தடித்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும் ஒரு படை இருக்கலாம்.

ஒருவேளை அந்த 'அவள்' நீங்களாகவே இருக்கலாம். இந்த வாரம் உங்களோடுதான் பேசப் போகிறேன்.

அதன் பெயர் சொரியாசிஸ். முதலில் ஒரு விஷயத்தைச் சத்தமாகவே சொல்லிவிடுவோம்: இது ஒட்டாது! ஒரே தட்டில் சாப்பிட்டாலும் சரி, ஹாஸ்டலில் பெட்ஷீட்டைப் பங்கு போட்டாலும் சரி, ஒட்டவே ஒட்டாது. குளிக்காததால் வந்ததும் இல்லை. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே வழிதவறி, தோலைச் சீண்டுகிறது. வழக்கமாக ஒரு தோல் செல் அடியில் பிறந்து, மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். இங்கே நாலைந்து நாளிலேயே அவசர அவசரமாக மேலே வந்து குவிந்துவிடுகிறது. அதுதான் அந்தச் செதில். காலேஜ் வயசில் இது முதல்முறை தலைகாட்டுவது ரொம்ப சகஜம்.

களிம்பு தடவிப் பார்த்தாச்சு. அடங்கவில்லை. தோல் டாக்டர் சொல்கிறார், 'லைட் ட்ரீட்மென்ட் எடுத்துக்கலாமே!'

உடனே உங்க பதில் என்ன? 'ஐயோ டாக்டர், கறுத்துடுவேனே!'

மாட்டினீங்களா? நம்ம ஊர்ப் பெண்கள் பலர் திரும்பி ஓடுவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் நில்லுங்க, பேசுவோம்.

வெளிச்சத்தால் வைத்தியம் என்பது நேற்று முளைத்த சமாச்சாரம் இல்லை. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென், தோலில் வரும் காசநோயை விளக்கொளியால் குணமாக்கிக் காட்டி 1903-ல் நோபல் பரிசே வாங்கினார். 1925-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கோகர்மேன் என்ற டாக்டர், சொரியாசிஸுக்குத் தார்க் களிம்பும் புற ஊதாக் கதிரும் சேர்த்துக் கொடுத்தார். வெயிலில் இருக்கும் எல்லாக் கதிரும் இதற்குத் தேவையில்லை, 313 நானோமீட்டரை ஒட்டிய ஒரு சின்னத் துண்டுதான் நன்றாக வேலை செய்கிறது என்று 1981-ல் பாரிஷ், ஜேனிக் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அந்தத் துண்டை மட்டும் தரும் டியூப்லைட்டுகள் பிறகு வந்தன. இன்று டாக்டர்கள் 'நேரோபேண்ட் யுவிபி' என்று சொல்வது இதைத்தான். நம்ம ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் பலவற்றில் தோல் பிரிவிலேயே இந்த வசதி இருக்கிறது.

எப்படி இருக்கும்? ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு. சுற்றிலும் டியூப்லைட். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. முகத்தில் படை இல்லையென்றால் முகத்தையும் மூடிக்கொள்ளலாம். முதல் நாள் சில நொடிகளிலேயே முடிந்துவிடலாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். வாரத்துக்கு மூன்று முறை, இரண்டு மூன்று மாசம். கத்தி இல்லை, ஊசி இல்லை. அந்தக் கதிர் தோலுக்குள் போய், அங்கே கலாட்டா செய்யும் எதிர்ப்பு செல்களை அடக்கி, செல்களின் அவசர ஓட்டத்துக்கு பிரேக் போடுகிறது. முழுசாக ஒழித்துவிடுமா என்றால், இல்லை. திரும்ப வரலாம். ஆனால், நிறையப் பேருக்குத் தோல் நன்றாகவே தெளிகிறது, மாசக்கணக்கில் நிம்மதி கிடைக்கிறது.

பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. சொரியாசிஸுக்கான மாத்திரைகளில் மெத்தோட்ரெக்சேட்டும் அசிட்ரெடினும் கர்ப்பத்தில் கூடவே கூடாது. அசிட்ரெடினை நிறுத்திய பிறகும் மூன்று வருஷம் கர்ப்பம் கூடாது. இந்த லைட்டுக்கு அந்தத் தடை இல்லை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையோடு கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறார்கள். 'இப்ப எனக்கெதுக்கு இந்தக் கதை?' என்கிறீர்களா? நாளைக்கு எந்த மாத்திரை எழுதித் தந்தாலும், இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது நீங்கதான். கூச்சப்படாமல் கேளுங்க.

சரி, கறுப்பு விஷயத்துக்கு வருவோம். பொய் சொல்ல மாட்டேன். நிறம் கொஞ்சம் கறுக்கும். சிகிச்சை நின்ற பிறகு மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்பும். சில மாசத்துக் கறுப்புக்குப் பயந்து, வருஷக்கணக்கில் அரிப்பையும் ரத்தக் கசிவையும் முழுக்கைக்குள் பூட்டி வைப்பது என்ன கணக்கு? கறுப்பு ஒரு நோய் இல்லை தோழி. நோய் அந்தப் படைதான்!

இனி எச்சரிக்கை மணி. மொட்டை மாடியில் போய் நின்றால் போதாதா என்று கேட்காதீர்கள். வெயிலுக்கு டோஸ் கிடையாது. படைக்கு முன்னால் தோல்தான் வேகும். பியூட்டி பார்லர் லைட்டும் இதுவும் ஒன்றல்ல. பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை தோலைச் சட்டென்று சுட்டுவிடச் செய்யும். எல்லாவற்றையும்விட முக்கியம் லூபஸ். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். கன்னத்தில் பட்டாம்பூச்சி விரித்தாற்போல் சிவக்கும். அவர்களுக்கு இந்த வெளிச்சமே வில்லன்! ஒருத்திக்கு மருந்தாகும் கதிர் இன்னொருத்தியைப் படுக்கையில் தள்ளிவிடும். அதனால், என்ன நோய் என்று டாக்டர் உறுதி செய்யாமல் எந்த லைட்டுக்கு முன்னாலும் நிற்காதீர்கள்.

இன்னொரு தயக்கமும் எனக்குத் தெரியும். கூண்டுக்குள் துணி களைந்து நிற்க வேண்டும். பெண் ஊழியர் இருப்பாரா என்று முன்னாடியே கேளுங்க. கேட்பது உங்க உரிமை. வாரம் மூன்று நாள் என்றால் அட்டெண்டன்ஸ் அடிபடுமே என்ற கவலையும் நியாயம்தான். டாக்டரிடம் கடிதம் வாங்கி, ஹெச்.ஓ.டி.யிடம் நேராகப் பேசுங்கள். இடையில் விட்டுவிட்டு இஷ்டத்துக்குப் போனால் டோஸைக் குறைத்து, திரும்பவும் ஏற்ற வேண்டியிருக்கும். அரியர் மாதிரி. விட்டால் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவில் 783 பேரிடம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. டாக்டர் மேற்பார்வையோடு வீட்டிலேயே இந்த லைட்டை எடுத்துக்கொண்டவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்குக் குறையாத பலன் கிடைத்திருக்கிறது. இங்கேயும் அது எல்லாருக்கும் கைக்கெட்டினால் பாதி அலைச்சல் மிச்சம்.

கடைசியாக, கேங்கில் மீதி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இனிமேல் அவளிடம் 'ஏன்டி முழுக்கை?' என்று கேட்காதீர்கள். அவளாகச் சொல்லும்போது முகம் சுளிக்காதீர்கள். அவள் முழங்கையைத் தொட்டு, 'எந்தக் கிழமை ஆஸ்பத்திரி? நானும் வரேன்' என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்த ஏப்ரலில் அவள் அரைக்கை போட்டு வந்து, ட்ரீட் வைப்பாள். பில்லை அவள் தலையில் கட்டிவிடாதீங்கப்பா!